இணைப்பாளரின் பர்ஸ்

அன்று காலை அவளுடைய கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். மூன்றாவது பொத்தானைக் காணோம்.

"இது எப்ப விழுந்துச்சு?"

"என்னைக் கேட்டா? சட்டை உங்களோடது."

"ஒரு நிமிஷம் தச்சுக் குடேன்."

"மணி எட்டாகப் போகுது. எனக்கு பஸ் போயிடும். சாயங்காலம் தச்சுத் தரேன், இப்போதைக்கு ஒரு ஊக்கைக் குத்திட்டுப் போங்க."

ஊக்கைக் குத்திக்கொண்டு போனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு மணிக்கு ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பழுது பார்க்கப் போன லிஃப்ட் அப்போது ஓடவில்லை. நான்கு பேர் படி வழியாகத் தூக்கி வந்தார்கள். உடனே ஆபரேஷன் என்றார்கள், உள்ளே கொண்டுபோனார்கள். மாலை ஐந்து மணிக்கு டாக்டர் மட்டும் வெளியே வந்தார். மருத்துவமனையில் கொடுத்த பையில் சட்டை இருந்தது. ஊக்கும் குத்தியபடியே இருந்தது.

இதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் ஊருக்குள் இணைப்பாளர் வந்து இறங்கினார்.

இணைப்பாளரை மந்திரவாதி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். குறி சொல்பவர் என்றால் இன்னும் கோபம் வரும். "நான் வெறும் இணைப்பாளர். அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நீங்க. நடுவுல நான் ஒரு கம்பி. கம்பிக்கு என்ன பெருமை?" என்பார். கம்பி வெள்ளைச் சட்டை போட்டிருக்கும். கம்பிக்கு இரண்டு உதவிப் பெண்கள், ஒரு கார், ஒரு டிரைவர். கம்பி பேசும்போது குரல் தழுதழுக்கும்.

மேசை நாற்காலி விற்கும் கடை ஒன்றின் மாடியில் பெரிய ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு இணைப்பு. ஏழு மணிக்கே படிக்கட்டில் வரிசை நிற்கும். எட்டு மணிக்கு அது தெருவில் வளைந்து மருந்துக்கடை வாசலை மறைக்கும். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர்கள்கூட, 'இவ்வளவு பேர் நிற்கிறார்களே, ஏதோ இருக்கிறது' என்று பின்னால் நின்றார்கள். கூட்டம் என்பதே ஒரு சான்றிதழ் அல்லவா! ஐந்நூறு பேர் ஒரே பள்ளத்தில் விழுந்தால் அதற்குப் பள்ளம் என்றா பெயர்? பாதை.

செய்முறை எளிது. வாசலில் ஒரு வெள்ளை அட்டை கொடுப்பார்கள், விசிட்டிங் கார்டு அளவு. செத்துப்போனவரிடம் கேட்க வேண்டியதை அதில் எழுத வேண்டும். யாருக்கும் காட்டக் கூடாது. முறை வந்ததும் மேடைக்குப் போக வேண்டும். இணைப்பாளர் தம் நீளப் பர்ஸை நீட்டுவார். கறுப்புத் தோல், புத்தகம் போல மடிவது. அதன் வெளிப்பையில் நீங்களே உங்கள் கையால் அட்டையைச் செருக வேண்டும், எழுத்து உள்பக்கம் பார்த்தபடி. "எனக்கே தெரியக் கூடாது பாருங்க" என்பார். பிறகு பர்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். கண்ணை மூடுவார். கண்ணோரம் தண்ணீர் வரும். பாவம், இவ்வளவு பேர் துக்கத்தை ஒரே ஆள் சுமந்தால் வராதா? பர்ஸைத் திறந்து, உள்ளே மடிப்பைத் தூக்கி, மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மறுபடி மூடுவார். அப்புறம்தான் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். நீங்கள் எழுதியது அப்படியே வரும்.

முதல் ஞாயிறு அவளை இழுத்துக்கொண்டு போனவள் நாத்தனார்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'விடையை மட்டும் எழுதாதே, வழிமுறையைக் காட்டு' என்று பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதி எழுதியே விரல் சிவந்தவள். அண்ணன் போன பிறகு அவளுக்கு வழிமுறை தேவைப்படவில்லை. விடை மட்டும் கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது.

"அண்ணி, ஒரே ஒரு தடவை வாங்க. அண்ணன்கிட்ட பேச உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

இருந்தது. அதனால்தான் போனாள்.

இங்கே அவளுடைய வேலையைச் சொல்லிவிட வேண்டும். தோல் சாமான் செய்யும் தொழிற்சாலையில் பர்ஸ் செக்கர். ஒரு நாளைக்கு நானூறு பர்ஸ் அவள் மேசையைக் கடந்து போகும். ஒவ்வொன்றையும் திறப்பாள், மடிப்பாள், ஒவ்வொரு பைக்குள்ளும் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பாள். கண் பார்க்காததைக் கட்டைவிரல் சொல்லும். உள்துணி கிழிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, பசை கட்டியிருக்கிறதா. தொழிற்சாலையில் அவளுக்கு 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர்.

எக்ஸ்ரே அக்கா அட்டையில் இரண்டு வரி எழுதினாள்: 'பொத்தானைத் தைக்காமல் அனுப்பிவிட்டேன். கோபமா?'

மேடையில் இணைப்பாளரின் பர்ஸில் அட்டையைச் செருகினாள். பதினாறு வருஷப் பழக்கம், அட்டையோடு கட்டைவிரலும் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. விரலில் ஓர் ஓட்டை தட்டியது. பையின் உள்சுவரில், நடுவில், ஏறக்குறைய அட்டையின் முக்கால் அளவுக்கு.

வேறு யாராவது என்றால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். வேறு யாராவது என்றால் விரலையே விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஐயோ பாவம், இந்த மனுஷன் தலையில் எவனோ இரண்டாம் தரச் சரக்கைக் கட்டிவிட்டானே!' பர்ஸ் செக்கரைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது.

இணைப்பாளர் அழுதார், துடைத்துக்கொண்டார், கண்ணை மூடினார்.

"ஒரு... சட்டை. சட்டையில ஏதோ குறையுது. பொத்தான்! பொத்தானா? ஆமா. பொத்தான் தைக்கலைன்னு நீங்க தவிக்கறீங்க. அவர் சிரிக்கறார்மா. கோபமே இல்லையாம். 'இதுக்குப் போயா?'ன்னு கேக்கறார்."

பொத்தான் விஷயம் அவளுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். அவள் அழுத அழுகையில் முதல் இரண்டு வரிசையும் சேர்ந்து அழுதது. ஹாலே ஈரமாகிவிட்டது.

இறங்கும்போது நன்றி சொல்ல வாய் வரவில்லை. நன்றியைத் தொழிலில் காட்டலாம் என்று நினைத்தாள்.

"சார், உங்க பர்ஸ்ல வெளிப்பை உள்ளே கிழிஞ்சிருக்கு. குடுங்க, ஃபாக்டரியில குடுத்துத் தச்சு நாளைக்கே தந்துடறேன். அரை மணி நேர வேலை."

இணைப்பாளர் பர்ஸை நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டார். கைக்குழந்தையைக் கேட்டதுபோல.

"இதை யாரும் தைக்கக் கூடாதும்மா. அது அவங்க வர வழி."

சத்தியமான வார்த்தை. அந்த ஹாலில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் தூங்கினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக. அதை மறைப்பதற்கில்லை. பொய்யிலும் தூக்கம் வரும், நன்றாகவே வரும்.

அடுத்த ஞாயிறு நாத்தனாரின் முறை.

நாத்தனாரின் கழுத்தில் ஒரு கட்டி. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது, இப்போது எலுமிச்சைக்கு வந்துவிட்டது. மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பித்துவிட்டது, எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் தேதியே குறித்துக் கொடுத்திருந்தார். அந்த மாதம் மூன்றாவது புதன். அண்ணன் போன அதே மருத்துவமனை. நாத்தனார் தன் அட்டையில் எழுதியது: 'அண்ணா, ஆபரேஷனுக்கு உள்ளே போன நீ திரும்பவில்லை. நானும் செய்துகொள்ளலாமா?'

இணைப்பாளர் அன்று இரண்டு டிஷ்யூ எடுத்தார்.

"கத்தி... கத்தியைப் பத்திக் கேக்கறீங்க. உங்க அண்ணன் தலையை ஆட்டறார். வேண்டாங்கறார். 'என்னை உள்ளே கொண்டுபோனாங்க, நான் வெளியே வரலை. நீ போகாதே'ங்கறார்."

கணக்கு டீச்சர் மேடையிலேயே மடங்கி உட்கார்ந்தாள். கட்டி கரைய வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதாம். பன்னிரண்டு தனி இணைப்பு. தனி இணைப்புக்குத் தனிக் கட்டணம். அது வாசலில் இருக்கும் பெண்ணிடம், ஏனென்றால் கம்பி காசைத் தொடாது.

தன் வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் மருத்துவமனைச் சீட்டை நான்காக மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

"தேதியை ரத்து பண்ணிடறேன் அண்ணி."

"என்னடி சொல்றே? மூச்சு விடறதே உனக்குக் கஷ்டமா இருக்கு. படி ஏறினா வாயைத் திறந்துக்கறே."

"அண்ணன் வேண்டாங்கறார்."

"டாக்டர் வேணும்ங்கறாரே."

"அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணதும் டாக்டர்தானே?"

அவருடைய இதயம் வேறு, இவளுடைய கழுத்து வேறு என்று சொல்லலாம். அழுகிறவளிடம் உடற்கூறு எடுபடுமா? தவிர, அவளே போன வாரம் அதே வாயிலிருந்து வந்த பொத்தானை வாங்கிக்கொண்டவள். பொத்தானை நம்பிக்கொண்டு கத்தியை நம்பாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் ஒரு பெட்டிச் சரக்கு வந்தது. பதினேழாவதோ பதினெட்டாவதோ பர்ஸில் கட்டைவிரலை விட்டாள். உள்துணி கிழிந்திருந்தது. நூல் பிசிறுகள் விரலில் மாட்டின. ஓரம் கண்டபடி கோணலாகப் போயிருந்தது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்தாள்.

அடுத்த பர்ஸை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

இணைப்பாளரின் பர்ஸில் பிசிறு இல்லை.

கட்டைவிரலை மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தாள். கண்ணுக்கு மறதி உண்டு, அழுதால் மங்கும். விரலுக்கு அந்த வம்பு கிடையாது. நேரான நான்கு ஓரம். தோல் சீவி, உள்பக்கம் மடித்து, சுற்றிலும் தையல். நெருக்கமான, சீரான தையல். அவள் பதினாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கிழிசல்களைத் தொட்டிருக்கிறாள். கிழிசலுக்கு ஓரம் மடித்துத் தைத்தவன் ஒருவன்கூடக் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மாஸ்டரிடம் போனாள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் மனிதர். தோலைத் தவிர எதையும் மதிக்காதவர். காகிதத்தில் வரைந்து காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது டேமேஜ் இல்லைம்மா. டிசைன்."

"என்ன டிசைன்?"

"இரு."

கழிவுத் துண்டுகளில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி, தள்ளிவிட்ட பர்ஸ் ஒன்றைப் பிரித்து, கால் மணி நேரத்தில் அதே மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். வெளிப்பையில் ஓர் அட்டையைச் செருகினாள். எழுத்து உள்பக்கம் பார்த்தபடி. பர்ஸைத் திறந்தாள். வெற்றுத் தோல். மடிப்பைத் தூக்கினாள். ஓட்டை வழியே, ஜன்னலில் தெரிவதுபோல, அட்டையின் முக்கால் பாகம் பளிச்சென்று தெரிந்தது. மடிப்பைப் போட்டாள். மறுபடி வெற்றுத் தோல்.

"அந்த ஆள் மடிப்பை எதுக்குத் தூக்கறான்?" என்றார் மாஸ்டர்.

"அழறதுக்கு."

மாஸ்டர் அவள் வரைந்த காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "வேலைக்காரன் நல்ல வேலைக்காரன்மா. தச்சவனைச் சொல்றேன்" என்றார்.

அவள் மேசை டிராயரைத் திறந்து ஒரு பரிசோதனைச் சீட்டை எடுத்து, வேலை முறை தவறாமல் நிரப்பினாள். தைப்பு: நன்று. ஓரப் பூச்சு: நன்று. மடிப்பு: சத்தமின்றித் தூக்கலாம். குறைபாடு: இல்லை. உபயோகம் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. 'துக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்று எழுதினாள்.

சரி, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? வாசல் காவலாளியைக் கூப்பிட்டு அட்டையில் ஏதாவது எழுதச் சொன்னாள். மூக்கைத் துடைக்கும் சாக்கில் மடிப்பைத் தூக்கினாள்.

"உங்களுக்கு ஒரு சைக்கிள் தொலைஞ்சிருக்கு."

காவலாளியின் வாய் அகலத் திறந்தது. வித்தையைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், மடிப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அது சரிக்கா. சைக்கிளை எவன் எடுத்தான்னு அதுல வருமா?"

சாயங்காலத்துக்குள் தையல் பிரிவிலிருந்து ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு மாப்பிள்ளை எந்தத் திசை என்று தெரிய வேண்டும். இன்னொருத்தி, "எங்க மாமனாரைக் கூப்பிடு, சாவியை எங்கே வச்சார்னு கேளு" என்றாள். எல்லோரும் தினம் நூறு பர்ஸ் தைக்கிறவர்கள்! எக்ஸ்ரே அக்காவுக்கு அன்றுதான் ஒன்று விளங்கியது. ஓட்டை பர்ஸில் மட்டும் இல்லை.

இரவு நாத்தனார் வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் பர்ஸை நீட்டினாள். எல்லாம் செய்து காட்டினாள். நாத்தனார் பொறுமையாகப் பார்த்தாள். கணக்கில் தப்புக் கண்டுபிடித்த பையனைப் பார்ப்பதுபோல.

"உங்க ஃபாக்டரி பர்ஸ்ல ஜன்னல் வச்சுத் தச்சா, அவர் பர்ஸ்லயும் ஜன்னல் இருக்குன்னு ஆயிடுமா அண்ணி?"

"என் விரல்ல பட்டுச்சுடி."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லலை? கிழிசல்னு தானே நினைச்சீங்க? அன்னிக்கு உங்க விரலுக்குக் கிழிசல், இன்னிக்கு ஜன்னல். நாளைக்குக் கதவா?"

"நான் தப்பா நினைச்சுட்டேன்."

"பொத்தான்னதும் அழுதீங்களே. அதுவும் தப்பா?"

எக்ஸ்ரே அக்கா எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

கட்டிங் மாஸ்டர் குறுக்குவழி ஒன்று சொன்னார். "எதுக்கும்மா ஊரைக் கூட்டி உடைக்கணும்? அந்த ஆளைத் தனியாப் பார்த்து இதைக் காட்டு. வர ஞாயித்துக்கிழமை 'ஆபரேஷன் பண்ணிக்கோ'ன்னு சொல்லச் சொல்லு. பயந்துட்டுச் சொல்லிடுவான். உனக்கு வேலை ஆச்சு, அவனுக்குப் பொழைப்பு ஆச்சு."

அவள் இரண்டு நாள் இதை மனதில் போட்டு உருட்டினாள். உண்மையில் நல்ல யோசனைதான். நாத்தனார் பிழைப்பாள். பொத்தானும் பிழைக்கும். அதுதான் அவளை இழுத்தது. இணைப்பாளர் புளுகன் என்று நிரூபித்த அந்த நிமிஷமே, 'இதுக்குப் போயா?' என்று சிரித்த அந்தச் சிரிப்பும் பொய்யாகிவிடும். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாஸ்டரிடம் சொன்னாள்: "வேண்டாம் மாஸ்டர். இந்த வாரம் ஆபரேஷன் பண்ணுன்னு சொல்வான். அடுத்த வாரம் மாத்திரை வேண்டாம்னு சொல்வான். நான் எத்தனை ஞாயிறு போய் மிரட்டறது? அவ என் வீட்டுக்காரர் பேச்சைக் கேக்கலை மாஸ்டர், இந்த ஆள் பேச்சைக் கேக்கறா. அவர் பேரைச் சொல்லி இவன் பேசக் கூடாது."

"நல்லதுக்கும் கூடாதா?"

"நல்லதுக்கும்."

புதன்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிறு காலை ஹாலில் உட்கார இடமில்லை, ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள். ஆபரேஷன் தேதியை ரத்து செய்ய நாத்தனார் இரண்டு தடவை போன் செய்து, இரண்டு தடவையும் லைன் கிடைக்காமல் விட்டிருந்தாள். அரசாங்கமும் ஆண்டவனும் செய்யாத உதவியைச் சில நேரம் பிஸியான டெலிபோன் செய்துவிடும்.

எக்ஸ்ரே அக்காவின் டோக்கன் வந்தது. எழுதிய அட்டையோடு மேடைக்குப் போனாள். இணைப்பாளருக்கு அவளை நினைவிருந்தது. தைக்கக் கேட்டவளை மறப்பாரா? பர்ஸை நீட்டிய கை சற்றுத் தயங்கியது. செருகினாள். இந்தத் தடவை விரலை உள்ளே விடவில்லை.

பர்ஸ் நெஞ்சுக்குப் போனது. கண் மூடியது. தண்ணீர் வந்தது. மடிப்பு தூக்கப்பட்டது. டிஷ்யூ பாதி வழியில் நின்றது.

அந்த அட்டையில் இருந்தது இதுதான்: 'இந்தப் பர்ஸின் மடிப்புக்குக் கீழே ஜன்னல் எதற்கு? படித்துவிட்டீர்கள் என்றால், படித்த வழியைச் சபைக்குக் காட்டுங்கள்.'

இணைப்பாளரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எழுதியதைச் சொன்னால் ஜன்னல் வெளியே வரும். சொல்லாவிட்டால் கம்பி அறுந்துபோகும். எத்தனையோ ஆவிகளைச் சமாளித்தவர், ஒரு விசிட்டிங் கார்டைச் சமாளிக்க முடியாமல் விழித்தார்.

"இன்னிக்கு... அலை சரியில்லை. உங்க வீட்டுக்காரர் தூரத்துல இருக்கார்."

"பரவாயில்லை சார். அவர் பதில் சொல்ல வேண்டாம். நான் என்ன கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

"சந்தேகத்தோட வந்தா அவங்க வர மாட்டாங்கம்மா."

ஹால் முணுமுணுத்தது. "யாருங்க இந்தப் பொம்பளை?", "கீழே இறங்கச் சொல்லுங்க", "எங்க முறை போகுது" என்று பின்வரிசையிலிருந்து குரல்கள். ஏமாற்றுகிறவனைக் காப்பாற்றக் கூலிக்கு ஆள் வைக்கத் தேவையே இல்லை. ஏமாந்தவர்கள் இலவசமாகவே வருவார்கள்.

அப்போது முன்வரிசையிலிருந்து நாத்தனார் எழுந்தாள். கட்டியை மறைத்திருந்த கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்க, மேடைக்கு வந்தாள்.

"சார், சொல்லிடுங்க சார். எங்க அண்ணிக்கு நாலு பேருக்கு முன்னாடி புரியட்டும். அன்னிக்குப் பொத்தானைச் சொன்ன மாதிரி டக்னு சொல்லுங்க."

"இன்னிக்கு முடியாதும்மா."

"ஏன் சார் முடியாது? அண்ணன் வரலைன்னா வேண்டாம். அட்டையில இருக்கறதை அண்ணனா படிக்கணும்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. இருபது வருஷம் பிள்ளைகளின் நோட்டில் விடுபட்ட வரியைத் தேடியவள். ஒரு வரி விடுபட்டிருந்தது. கையை நீட்டினாள். இணைப்பாளர் பின்வாங்கினார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடமிருந்து செல்போனைப் பிடுங்கிப் பழகிய கை அது. பர்ஸ் அவள் கைக்கு வந்துவிட்டது.

அட்டையை உருவி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். படித்துவிட்டு அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள்.

அட்டையை மறுபடி வெளிப்பையில் செருகினாள். பர்ஸைத் திறந்தாள். மடிப்பைத் தூக்கினாள். பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள், தூக்கினாள், பார்த்தாள். மூன்றாவது தடவையும் செய்தாள். பிறகு கரும்பலகை முன் நிற்பதுபோல நிமிர்ந்து, பர்ஸை உயரத் தூக்கிப் பிடித்து, மடிப்பை விரலால் தூக்கி, முன்வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நடந்தாள்.

"எல்லாரும் பார்த்துக்கோங்க" என்றாள். "வழிமுறை."

இணைப்பாளர் தாழ்ந்த குரலில், "ஒரு நிமிஷம், முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று பின்கதவு வழியாகப் போனார். இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு கான்ட்ராக்டர் எழுந்து, "ஜன்னல் இருந்தா என்ன தப்பு? ஆவின்னா ஏதாவது ஒரு வழியா வரணும் இல்லே?" என்று கேட்டார். நாலைந்து தலைகள் ஆடின. ஒரு பெரியவர், "அவர் பர்ஸ் பொய்யா இருக்கலாம், அழுகை நிஜம்" என்றார். வாசலில் வரிசை கலையவே பன்னிரண்டு மணி ஆயிற்று. வேறு ஊரில் அவர் பர்ஸை விட்டுவிட்டு டைரிக்கு மாறிவிட்டதாகப் பிறகு கேள்வி. அங்கேயும் ஏழு மணிக்கே வரிசையாம்.

படி இறங்கும்போது நாத்தனார் நின்று நின்று இறங்கினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி? உங்களுக்கு வருத்தமா இல்லையா? அந்தப் பொத்தான்..."

"இருக்கு."

"அண்ணனுக்குக் கோபம் இருந்திருக்குமா?"

"தெரியாது. கேக்கறதுக்குள்ள போயிட்டார்."

புதன்கிழமை காலை மருத்துவமனையில் பச்சைத் துணி கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். தள்ளுவண்டி நகரும் நேரத்தில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன் இருந்தா இப்ப என்ன சொல்லுவார்?"

சொல்லியிருக்கலாம். 'தைரியமா போ, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவார்' என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வாய் வரை வந்தது. அப்படிச் சொல்வதற்கு பர்ஸ்கூடத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுடி. டாக்டரைக் கேளு. அவர் உயிரோட இருக்கார்."

நாத்தனார் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது. அந்தக் கதவை எக்ஸ்ரே அக்கா இரண்டே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னாலேயே தள்ளுவண்டியும் வந்தது. கட்டியில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் மூச்சை அடைத்திருக்கும் என்றார்.

உங்களுக்கும் யாராவது போயிருப்பார்கள். அவர்கள் பேசுகிறார்கள் என்று ஒருவர் வந்து பர்ஸை நீட்டினால், கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு முன் கட்டைவிரலை ஒரு சுற்று உள்ளே விட்டுப் பாருங்கள். செத்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்கிறவர் யார் என்று பார்த்தால், அவர்தான் ஆள்.

தையல் பிரிக்கும் வரை நாத்தனார் அண்ணி வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து நடமாடினாள். சமையலறையில் தண்ணீர் பிடிக்கப் போனவள் குழாயைத் திருகினாள். வரவில்லை. இன்னும் அழுத்தித் திருகினாள்.

"அண்ணி, தண்ணி நின்னுடுச்சா?"

"அந்தப் பக்கம் திருகாதே. உங்க அண்ணன் மாட்டினது."

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் அவர் அதை மாட்டினார். எல்லா வீட்டுக் குழாயும் இடப்பக்கம் திருகினால் திறக்கும், இது வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும். நாத்தனார் வலப்பக்கம் திருகினாள்; நடுவில் கம்பி எதுவும் இல்லாமல் தண்ணீர் வந்தது.